நட்ட புல்

"புடுங்கறதுக்குத்தானுங்க அம்மிணி இத்தன வருசமாக் கூலி வாங்குனேன். புல்ல நடறதுக்குக் கூலி வாங்கறது இதுதான் மொதத் தடவ."

மடியில் வெட்டிவேர்த் தூர்களை வைத்துக்கொண்டு அக்கா இப்படிச் சொன்னதும், பக்கத்தில் குனிந்திருந்த இருவரும் சிரித்துவிட்டார்கள். கிணத்துக்கடவுக்கு அருகே தென்னந்தோப்புக்கு நடுவில் புதிதாகக் கட்டிய வீடு அது. அதன் மேற்கு ஓரத்தில் 20 மீட்டர் நீளத்துக்குப் பாத்தி எடுத்திருந்தோம். இட்லிப்பூவும் குரோட்டனும் வரும் என்று வீட்டுக்காரர் காத்திருக்க, நான் சாக்குச் சாக்காகப் புல்லைக் கொண்டுபோய் இறக்கியிருந்தேன். அக்காவின் பேச்சுக்கு அன்று என்னிடம் நல்ல பதில் இல்லை.

தோட்டம் அமைக்கும் தொழிலுக்கு வந்து இருபது வருடம் தாண்டிவிட்டது. அதில் பாதிக்கு மேல் புல்லோடுதான் போயிருக்கிறது. இப்போது யோசித்தால், இந்த வேலையின் சிக்கல் முழுவதையும் அக்கா அந்த ஒரு பேச்சிலேயே சொல்லிவிட்டார் என்று படுகிறது. நம் ஊரில் தோட்ட வேலை பழகுவது என்றாலே புல்லைப் பிடுங்கப் பழகுவதுதான். கண் பார்ப்பதற்கு முன்னால் கை போய்ப் பிடுங்கிவிடும். புல்லை நட்டு வளர்க்க நினைப்பவர் செடியைப் பற்றி அப்புறம் தெரிந்துகொள்ளலாம். முதலில் அந்தக் கையை அடக்க வேண்டும்.

என்னைப் புல்லிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது காற்று. மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டுப் பக்கம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழி விட்டு நிற்கிறது. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று அந்தக் கணவாய்க்குள் நெருக்கியடித்துக்கொண்டு புகுந்து எங்கள் பக்கம் வந்து விழும். பல்லடத்திலும் உடுமலையிலும் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பது அதனால்தான். அம்மியே பறக்கும் என்று சொல்கிற காற்றுக்கு முன்னால் குரோட்டன் இலை எம்மாத்திரம்? மேற்குப் பார்த்த பாத்திகளில் ஒவ்வோர் ஆடியிலும் இலை கிழியும், டுராண்டா வேலி ஒருபக்கமாகச் சாயும். ஆவணியில் பாதிச் செடிகளை மாற்றி நடுவேன். ஓர் ஆடியில் சாய்ந்த செடிகளுக்குக் குச்சி ஊன்றிக் கட்டிக்கொண்டிருந்தபோது, வேலிக்கு அந்தப் பக்கம் யாரும் நடாத ஒரு புல்குத்து கண்ணில் பட்டது. காற்று அடிக்கும்போதெல்லாம் தரையோடு படுத்தது. காற்று ஓய்ந்ததும் எழுந்தது. ஓர் இலைகூடக் கிழியவில்லை. நான் குச்சியும் கயிறுமாக நின்றுகொண்டிருந்தேன்.

வெளியே உறுதியும் உள்ளே மென்மையுமாக இருப்பதைப் புல் என்றும், உள்ளே வைரம் பாய்ந்ததை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் மூங்கிலும்கூடப் புல்தான். பள்ளிக்கூடத்தில் படித்தபோது இது வெறும் வகைப்பாடாகத் தெரிந்தது. புல்தண்டைக் குறுக்கே அறுத்துப் பார்த்த பிறகுதான், காற்றில் ஒடியாமல் வளைந்து நிற்பதற்கு இதைவிட நல்ல அமைப்பு இல்லை என்று புரிந்தது. பெரும்பாலான புல்லுக்குக் கணுக்களுக்கு இடையே உள்ளீடு இல்லை. பாரத்தைத் தாங்குவது வெளிச்சுற்று. தென்னந்தோப்பு வீட்டுக்குப் புல்பாத்தி பொருந்துமா என்று யோசிக்கவே வேண்டியதில்லை. இரண்டும் ஒரே கூட்டம் என்று நம் முன்னோர் எழுதி வைத்துவிட்டார்கள்.

ஆனால் நான் தொடங்கியது தொல்காப்பியத்தில் இல்லை, வெளிநாட்டுத் தோட்டப் புத்தகங்களில். ஜெர்மனியில் பாட்ஸ்டாம் அருகே போர்னிம் என்ற ஊரில் நாற்றுப்பண்ணை வைத்திருந்த கார்ல் ஃபோர்ஸ்டர், புல்லும் பெரணியும் தோட்டத்துக்குள் வரட்டும் என்று 1957இல் ஒரு தனிப் புத்தகமே எழுதினார். அவர் பெயரில் ஒரு நாணல்வகைப் புல் இன்றும் உலகமெங்கும் விற்கிறது. அவருக்குப் பின்வந்த தலைமுறையில் நெதர்லாந்தின் பீட் ஊடால்ஃப், காய்ந்து நிற்கும் புல்லும் தோட்டத்தின் ஒரு பருவம்தான் என்று உலகத்தை ஏற்றுக்கொள்ள வைத்தார். நியூயார்க்கில் கைவிடப்பட்ட ஓர் உயர்மட்ட ரயில்பாதையின்மேல் அமைத்து 2009இல் திறந்த ஹை லைன் பூங்காவின் நடவுத்திட்டம் அவருடையது. அந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்துத் தூக்கம் கெட்டு, நீலநிற ஃபெஸ்கியூ புல்லின் விதையை வரவழைத்துத் தொட்டியில் முளைக்க வைத்தேன். மார்கழியில் வெள்ளிக்கம்பி போல் மின்னியது. மாசியில் மங்கியது. சித்திரையில் துடைப்பக் குச்சியாகிவிட்டது.

காரணம் பின்னால் தெரிந்தது. புல்லில் குளிர்காலத்தில் வளர்பவை ஒரு சாரார், வெயிலில் வளர்பவை இன்னொரு சாரார். ஃபெஸ்கியூவும் ஃபோர்ஸ்டர் பெயர் தாங்கிய புல்லும் முதல் சாரார். நம் கரும்பு, சோளம், வெட்டிவேர், எலுமிச்சைப்புல் எல்லாம் இரண்டாவது. காற்றிலிருந்து கரியமிலவாயுவைப் பிடித்துச் சேர்க்கும் வழியே இரண்டுக்கும் வேறு. கடும் வெயிலில் முதல் சாரார் சேர்த்ததில் ஒரு பங்கை வீணாக்கிவிடும். இரண்டாம் சாரார் அந்த வீணை அடைத்து, கொஞ்சத் தண்ணீரில் நிறைய வளரும். சமவெளியில் ஓரப் பாத்திக்குப் புல் தேடுகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: இந்தப் புல் வெயிலை விரும்புமா, வெயிலைப் பொறுத்துக்கொள்ளுமா? பொறுத்துக்கொள்வதை நடாதீர்கள்.

இரண்டாவது கேள்வி, தூர் கட்டுமா, ஓடுமா? நெல்லைப் போல் ஒரே இடத்தில் தூர் வெடித்துக் குத்தாக நிற்பது ஒரு வகை. அருகையும் தர்ப்பையையும் போல் மண்ணுக்கு மேலோ கீழோ ஓடி, ஊரைப் பிடிப்பது இன்னொரு வகை. தர்ப்பையின் நிலத்தடித் தண்டு நுனி ஊசிபோல் இருக்கும். பக்கத்துச் செடியின் கிழங்கையே துளைத்துக்கொண்டு போகும். ஓரப் பாத்தி என்பதே எல்லையுள்ள இடம். எல்லையை மதிக்காத செடிக்கு அங்கே வேலை இல்லை. நர்சரியில் 'கிராஸ்' என்று எழுதி வைத்திருப்பதெல்லாம் புல்லும் அல்ல. மோண்டோ கிராஸ் புல் குடும்பமே கிடையாது. கோரையும் புல் அல்ல. தண்டை விரலிடையே உருட்டிப் பாருங்கள். மூன்று பட்டை தட்டுப்பட்டால் அது கோரை. நட்ட குத்துக்குள் ஒளிந்து வரும் கோரையை மேலே பிடுங்கினால் கீழே மாலைபோல் கோத்திருக்கும் கிழங்குகள் அப்படியே தங்கிவிடும். ஒன்று போன இடத்தில் மூன்று வரும். என்னோடு வேலை செய்தவர்களில் கோரையைத் தொட்டே கண்டுபிடித்தவர் அக்கா ஒருவர்தான்.

இந்த இரண்டு கேள்விக்கும் சுலபமாகத் தேறியது வெட்டிவேர். பெயர் வேரில் இருப்பதால் நம்மில் பலர் அதன் இலையைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். கடலூர்ப் பக்கத்து மணற்பாங்கான நிலங்களில் வேருக்காகப் பயிரிடுகிறார்கள். ஆளுயரம் வளர்ந்து நுனி மட்டும் வளைந்து தொங்கும். தென்னாட்டு வகை முளைக்கும் விதையைத் தருவதில்லை, தண்டும் ஓடுவதில்லை. வேர் பக்கவாட்டில் பரவாமல் நேர்கீழே, நல்ல மண்ணில் 3 மீட்டரையும் தாண்டி இறங்கும். ஊட்டியிலிருந்து மைசூர் போகும் வழியில் இருக்கிற குண்டலுப்பேட்டை வட்டார விவசாயிகள் நெடுங்காலமாக இதைத்தான் நிலத்தின் எல்லைக்கோடாக நட்டு வைத்திருந்தார்கள். 1980களில் மண்ணரிப்பைத் தடுக்கும் புல்வேலி என்று உலக வங்கியின் வேளாண் வல்லுநர்கள் வெட்டிவேரை உலகத்துக்கு எடுத்துச் சொன்னபோது அந்த வரப்புகளும் சான்றாக நின்றன. எல்லையில் நட்டால் எல்லையிலேயே நிற்கிற புல். ஓரப் பாத்திக்கு வேறென்ன வேண்டும்?

நடும் முறை எளிது. பழைய குத்தைக் கடப்பாறையால் நெம்பி எடுத்து, இரண்டு மூன்று தூர் சேர்ந்தாற்போல் பிரிக்க வேண்டும். இலையை ஒரு சாண் விட்டு நறுக்கிவிட வேண்டும். வேரை நாலு விரல் நீளத்துக்கு. இலையை வெட்டும்போது புதியவர்கள் மனம் கூசும். விட்டுவைத்தால் வேர் பிடிப்பதற்குள் அந்த இலைகளே தண்ணீரையெல்லாம் ஆவியாக்கிவிடும். வேலிபோல் அடைய வேண்டுமென்றால் 15 சென்டிமீட்டர் இடைவெளி போதும். ஒவ்வொரு குத்தும் தனித்தனியே நீரூற்றுபோல் விரிய வேண்டுமென்றால் 90 சென்டிமீட்டராவது விட வேண்டும். இங்கேதான் கை முதன்முதலாகத் தப்பு செய்யும். நட்ட அன்று 90 சென்டிமீட்டர் இடைவெளி பாலைவனம் மாதிரித் தெரியும். "எடையில ஏதாச்சும் வெக்கலாங்களே" என்று வீட்டுக்காரர் கேட்பார். நானும் ஆரம்பத்தில் இடைவெளியை நிரப்பினேன். இரண்டாம் வருடம் ஒன்றையொன்று நெரித்து எல்லாமே வைக்கோல்போர் ஆகிவிட்டது. இப்போது முதல் வருடம் இடையில் மூடாக்குதான். தென்னைமட்டைத் தூளோ காய்ந்த சருகோ. இடத்தைக் காலியாக விடுவதும் நடவில் ஒரு பகுதி என்று ஏற்க எனக்கு மூன்று தோட்டம் ஆனது.

அடுத்தது, நர்சரிக்காரர்கள் ஃபவுண்டன் கிராஸ் என்று விற்கும் செம்மை கலந்த ஊதாப் புல். முழங்காலுக்கு மேல் இடுப்புக்குக் கீழ் நிற்கும். நரிவால் போன்ற கதிர்கள் வளைந்து ஆடும். நல்ல வெயில் வேண்டும். நிழலில் நட்டால் நிறம் வெளுத்துப் பச்சையாகி, தண்டு சோம்பி விழுந்துவிடும். ஊதா வகை அநேகமாக விதை பிடிக்காது, தூர் பிரித்துத்தான் பெருக்க முடியும். அதனால் தைரியமாக நடலாம். அதே புல்லின் பச்சை வகை அப்படியல்ல. விதை காற்றில் போகும். ஹவாய்த் தீவுகளின் எரிமலைச் சரிவுகளை அது பிடித்து, காய்ந்து, தீயைப் பரப்பிய கதை தாவர ஆர்வலர்களுக்குத் தெரியும். ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் அதைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. விலை குறைவு என்று பச்சையை வாங்கிவிடாதீர்கள்.

அந்த ஊதாப் புல் முதன்முதலாகக் கதிர் விட்ட புரட்டாசியில்தான் அக்கா இரண்டாவது முறை என்னை மடக்கினார். களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு கதிரை விரலிடையே உருவிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"ஏனுங் அம்மிணி, இதென்ன நம்ம கொழுக்கட்டப் புல்லாட்டவே இருக்குது? நெறந்தான் வேற."

அவர் பிறந்த ஊர் காங்கயம் பக்கம். கொறங்காட்டுக்கு நடுவே வளர்ந்தவர். கொறங்காடு என்பது கொங்குநாட்டின் வறண்ட பகுதிக்கே உரிய மேய்ச்சல்காடு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே ஆங்காங்கே வெள்வேல மரம், தரையெல்லாம் கொழுக்கட்டைப்புல். காங்கயம் மாடுகள் அந்தப் புல்லைத் தின்று வளர்ந்தவை. வீட்டுக்குப் போய்த் தாவரநூலைப் புரட்டினேன். ஆப்பிரிக்காவிலிருந்து வந்து உலகின் நர்சரிகளைச் சுற்றி என்னிடம் சேர்ந்த அந்தப் புல்லும், காங்கயத்தில் மாடு மேய்கிற கொழுக்கட்டைப்புல்லும் ஒரே பேரினம். இரண்டும் இன்று செங்க்ரஸ் என்ற ஒரே பெயருக்குக் கீழே இருக்கின்றன. ஜெர்மனிக்கும் நியூயார்க்குக்கும் போய்த் தேடியவள் நான். ஒரு கதிரை உருவிப் பார்த்து உறவு சொன்னவர் அவர்.

அந்தத் தையில் அக்கா ஊரிலிருந்து ஒரு மஞ்சப்பை நிறைய விதை கொண்டுவந்தார். பஞ்சுபோல் மயிரடர்ந்த சின்னச் சின்ன உருண்டைகள். ஆவலில் அடுத்த வாரமே நாற்றங்காலில் தூவினேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. வெந்நீரில் ஊற வைத்துப் பார்த்தேன், மணலில் தேய்த்துப் பார்த்தேன். அக்காவிடம் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை.

"புது வெதை எங்கீங்க மொளைக்கும்? பானையில போட்டு வெச்சு மறு வருசந்தான் தூவோணும். மாட்டயுங்கூட, வெதை விழுகற மட்டும் அந்தப் பக்கம் உட மாட்டாங்க."

உண்மைதான். கொழுக்கட்டைப்புல்லின் புதுவிதைக்கு உறக்கம் உண்டு. மாதக்கணக்கில் வைத்திருந்தால்தான் நன்றாக முளைக்கும். மிச்சம் இருந்த விதை அடுத்த ஆடியில் நாலாம் நாளே தலைகாட்டியது. எனக்கு அதைவிட உறைத்தது அவர் சொன்ன இரண்டாவது வாக்கியம். கொறங்காட்டை வைத்திருக்கிறவரின் திறமை மாட்டை மேய விடுவதில் முடிந்துவிடுவதில்லை. எப்போது வேலிப்படலைச் சாத்தி மாட்டை வெளியே நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருப்பதும் அதில் அடக்கம். பிடுங்கிப் பழகிய கை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த கைக்கு, விட்டுவைக்கவும் தெரிந்திருந்தது. இத்தனை நாளும் நான்தான் கேட்கவில்லை.

கொழுக்கட்டைப்புல் இன்று என் பாத்திகளின் முன்வரிசை. முழங்கால் உயரம், இளம் ஊதாச் சாயல் படிந்த கதிர். விதை விழுந்து முளைக்கும்தான். ஆனால் அது இந்த மண்ணின் புல், அடையாளம் தெரிந்தவருக்குக் களையெடுப்பு பெரிய பாடில்லை. இதே புல் ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவின் அரிசோனாவுக்கும் மேய்ச்சலுக்காகப் போய் அங்கே பெரும் தொல்லையாகிவிட்டது. எந்தப் புல்லுக்கும் நல்லது கெட்டது என்று தனியே கிடையாது, எங்கே நிற்கிறது என்பதுதான் கணக்கு.

அதை நான் அடிபட்டும் கற்றிருக்கிறேன். மழைக்குப் பின் ஆற்றுப்படுகையில் வெண்சாமரமாகப் பூத்து நின்ற பேய்க்கரும்பில் மயங்கி, நாலு குத்து கொண்டுவந்து ஒரு வீட்டுக் குளத்தோரம் நட்டேன். அந்தப் புல்மேல் எனக்குத் தனி மரியாதையும் உண்டு. கோயம்புத்தூரில் 1912இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பரும் வெங்கட்ராமனும் தோட்டக்கரும்போடு இந்த வட்டாரப் பேய்க்கரும்பை ஒட்டுச்சேர்த்து உண்டாக்கிய கோ 205 ரகம் 1918இல் வெளிவந்து வட இந்தியக் கரும்பு வயல்களின் போக்கையே மாற்றியது. 1934இல் அங்கே சேர்ந்த ஜானகி அம்மாள் இந்தப் புல்லின் குரோமோசோம்களை எண்ணி ஆராய்ந்தவர். பின்னாளில் இங்கிலாந்தின் விஸ்லி தோட்டத்தில் பணிபுரிந்தார், ஒரு மக்னோலியா ரகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இவ்வளவு பெருமையும் என்னைக் காப்பாற்றவில்லை. இரண்டே வருடத்தில் பேய்க்கரும்பு குளக்கரையைப் பிடித்து, நடைபாதைக் கல்லை நெம்பி, பக்கத்துத் தோப்பின் வாய்க்காலுக்குள் இறங்கியது. பிடுங்க ஐந்து ஆள், பதினோரு நாள். கூலியை நான்தான் கொடுத்தேன். ஆற்றுக்கு உரியதை ஆற்றிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்க வேண்டும்.

இன்னொரு தப்பு, உரம். நல்ல மனசுள்ள ஒரு வீட்டுக்காரம்மா, "பாவம், எல்லாரும் ரோசாவுக்கே போடறாங்க" என்று ஒரு வண்டி ஆட்டுப்புழுக்கையைப் புல்பாத்தியில் கொட்டிவிட்டார். புல் ஒரே மாதத்தில் கழுத்துயரம் வளர்ந்தது. முதல் மழைக்கு நடுவில் பிளந்து நான்கு பக்கமும் சாய்ந்து கிடந்தது. தழைச்சத்து கூடினால் தண்டு நீளுமே தவிர உரம் பாயாது. நடும்போது ஒரு கூடைத் தொழுவுரம், அவ்வளவுதான். வேர் பிடித்த பிறகு தண்ணீரையும் குறைக்க வேண்டும். செல்லம் கொடுத்தால் கெட்டுப்போகிற செடி இது.

இடம் பார்ப்பதில் ஒரு ரகசியம் உண்டு. புல்லுக்குப் பின்னால் சூரியன் வர வேண்டும். முன்னால் வெயில் விழும்போது புல் வெறும் புல்தான். சாயங்காலம் ஐந்தரை மணிக்குத் திண்ணையில் உட்காருகிறவருக்கும் சாய்கிற சூரியனுக்கும் நடுவே அது நின்றால், ஒவ்வொரு கதிர்மயிரிலும் வெளிச்சம் ஏறிக்கொள்ளும். ஆகவே நான் முதலில் வீட்டுக்காரர் எங்கே உட்கார்ந்து காபி குடிக்கிறார் என்று கேட்கிறேன். அதற்கு மேற்கே பாத்தி எடுக்கிறேன். எலுமிச்சைப்புல்லை மட்டும் இந்த விதிக்கு வெளியே வைத்திருக்கிறேன். அது பூப்பது அபூர்வம். அதற்கு அழகு வாசனைதான். நடைபாதையின் திருப்பத்தில், போகிறவர் முழங்கால் உரசுகிற தூரத்தில் வைப்பேன். விளிம்பு கையைக் கீறும் என்பதால் குழந்தைகள் ஓடுகிற பக்கம் வைப்பதில்லை. நடு காய்ந்து வளையமாகிவிட்டால் அகழ்ந்து, வெளித்தூரை மட்டும் நட்டுவிடுவேன்.

பாம்பு வரும் என்பார்கள். அதைச் சிரித்து ஒதுக்க மாட்டேன். அடர்ந்த புதரும் அதில் எலியும் இருந்தால் வரத்தான் செய்யும். உயரமான புல்லை வாசலிலிருந்தும் நடைபாதையிலிருந்தும் ஒன்றரை மீட்டர் தள்ளி நடுவது, அடித்தூரில் சருகு சேராமல் வாரிவிடுவது, இந்த இரண்டையும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறேன். கோடையில் காய்ந்த புல்லுக்குத் தீப்பொறி ஆகாது என்பதையும் சேர்த்து.

புல்பாத்தி வைத்தவருக்கு உண்மையான சோதனை தையில் வரும். மழை முடிந்து, தண்ணீரைக் குறைத்ததும், புல் மெல்ல நிறம் மாறும். முதலில் நுனி, பிறகு மடல். மாசிக்குள் வெட்டிவேர் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். ஊதா மங்கிச் செம்பாகும். அப்போது தொலைபேசி அடிக்க ஆரம்பிக்கும். செடியெல்லாம் செத்துப்போச்சு, எப்ப வந்து எடுப்பீங்க? குளிர்நாட்டுத் தோட்டக்காரர்களுக்குக் காய்ந்த கதிரின்மேல் பனி படிந்த படம் இருக்கிறது, காட்டிச் சமாளிக்கலாம். நமக்குப் பனியும் இல்லை, படமும் இல்லை. காய்ந்ததை உடனே வாரி எரிப்பதுதான் சுத்தம் என்று பழகிய கண்ணுக்கு நான் என்ன காட்டுவது?

குருவியைக் காட்டுகிறேன். காய்ந்த கதிரில் விதைக்காகப் புள்ளிச் சில்லைகள் கூட்டமாக வந்து தொங்கும். அவற்றின் எடைக்குக் கதிர் வளைந்து தரையைத் தொடும், பறந்ததும் நிமிரும். ஆடியிலிருந்து தூக்கணாங்குருவி ஆணுக்கும் இங்கே வேலை உண்டு. இலையின் ஓரத்தில் அலகால் ஒரு வெட்டு வைத்து, அந்த முனையைக் கவ்வியபடியே மேல்நோக்கிப் பறக்கும். நார் உரிந்துகொண்டே வரும். கிணற்றடித் தென்னையில் தொங்கும் கூடுகளுக்கு என் பாத்தியிலிருந்து நார் போகிறது என்று தெரிந்த நாளில், கிழிந்த இலை கண்டால் வெட்டி எறியும் பழக்கத்தை விட்டேன்.

அறுப்பு வருடத்துக்கு ஒருமுறை. பங்குனிக் கடைசியில், கோடைமழை மேகம் கூடுகிற சமயத்தில். முந்தி அறுத்தால் வெயிலில் தூர் காயும். பிந்தி அறுத்தால் புதுக்குருத்தின் நுனியும் சேர்ந்து போய்விடும். ஒவ்வொரு குத்தையும் இடுப்பில் தேங்காய்நார்க் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். அறுத்ததும் ஒரே கட்டாகக் கையில் வரும், சிதறாது. கருக்கருவாள் போதும். முழுக்கைச் சட்டையும் கையுறையும் அவசியம். புல்லின் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத மணல்பற்கள் இருக்கின்றன. ஊதாப்புல்லுக்கும் கொழுக்கட்டைக்கும் ஒரு சாண் விட வேண்டும், வெட்டிவேருக்கு முழங்கால் உயரம். புல்லின் வளர்முனை அடித்தூருக்குள் பதுங்கியிருக்கிறது. மாடு மேய்ந்தாலும் அரிவாள் பட்டாலும் அது தளிர்ப்பதற்குக் காரணம் அதுதான். தரையோடு மொட்டையடிப்பவர் அந்த முனையைத்தான் அறுக்கிறார்.

போன பங்குனியில் கிணத்துக்கடவு வீட்டில் அறுப்பு. அக்காவுக்கு இப்போது குனிந்து வேலை செய்ய முடிவதில்லை. வரப்பில் உட்கார்ந்து கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் வேகமாக அறுத்துக்கொண்டே போனான். கடைசிக் குத்துக்கு வந்ததும் அடித்தூரில் முளைத்திருந்த சின்னப் புல்லைக் கண்டு, பழக்கத்தில் பிடுங்கக் கை நீட்டினான்.

"டேய் கண்ணு, அத உடு," என்றார் அக்கா. "அது நட்டது."

நான் குனிந்து பார்த்தேன். அது நாங்கள் நட்டதல்ல. முன்வரிசைக் கொழுக்கட்டையின் விதை காற்றில் வந்து விழுந்து தானாக முளைத்தது. சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. பையன் கையை எடுத்துக்கொண்டு அடுத்த கட்டைச் சுமக்கப் போனான்.